கால் எலும்பு, வால் எலும்பு, சிறகு எலும்பு... கடைசியில் கழுத்து!

உங்கள் கையில் ஒரு எலும்பைக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாணுக்கு மேல் நீளம். மெலிசாக, குழாய் மாதிரி. இரண்டு முனையும் கொஞ்சம் தடித்து, நடுவில் ஒடுங்கி இருக்கிறது. உள்ளே பொள்ளல்.

"இது உடம்பில் எந்த இடத்து எலும்பு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பத்துக்கு ஒன்பது பேர் "கால் எலும்பு" என்பார்கள். முதலாமாண்டு எம்பிபிஎஸ் மாணவரும் அதைத்தான் சொல்லுவார். நீளமா, ரெண்டு முனையும் தடிச்சு இருந்தா அது கை இல்லேன்னா கால். உடற்கூறியலில் நாங்கள் படிக்கும் முதல் பாடமே அதுதான்.

ஆனால் இந்த எலும்பு கழுத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குச் சுமார் நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், நம்ம ஹீரோவின் கழுத்து மாதிரியே. பொறுமையாகப் படியுங்கள் 🙏

ஹீரோவின் பெயர் டானிஸ்ட்ரோஃபியஸ். சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன், ட்ரயாசிக் காலத்தில், கடலோரத்தில் வாழ்ந்த ஊர்வன விலங்கு. டைனோசர் இல்லை. டைனோசர்கள் உலகை ஆளத் தொடங்குவதற்கு முந்தைய ஆசாமி.

பெரியது சுமார் 20 அடி நீளம். அதில் ஏறத்தாழ பாதி, கிட்டத்தட்ட 3 மீட்டர், வெறும் கழுத்து! நெஞ்சும் வயிறும் சேர்ந்த நடுவுடலைப் போல மூன்று மடங்கு நீளம். அந்தக் கழுத்தின் நுனியில் ஒரு சின்னத் தலை. பின்னாடி ஒரு முதலைக்குட்டி உடம்பை ஒட்ட வைத்த மாதிரி மிச்சம்.

இதை யாராவது வரைந்து காட்டினால் "குழந்தை கிறுக்கியது" என்றுதான் நினைப்போம். அதனால்தான் நூறு வருடம் யாரும் இப்படி வரையவே இல்லை.

சரி, வரலாற்றுக்குப் போவோம்.

1830-கள். ஜெர்மனியின் பைரய்த் நகரப் பக்கம், சுண்ணாம்புப் பாறைகளில் இருந்து நீள நீளமான எலும்புகள் கிடைக்கின்றன. தலை இல்லை, உடம்பு இல்லை. தனித்தனியாகச் சிதறிய எலும்புகள் மட்டும்.

புதைபடிவங்களைச் சேகரித்து வந்த கேயார்க் சூ மியூன்ஸ்டர் என்ற பிரபு அவற்றைப் பார்க்கிறார். நாம் மேலே சொன்ன அதே பதிலைத்தான் அவரும் சொல்கிறார். கால்! "நீண்ட கால் பல்லி" என்று பொருள்படும்படி மேக்ரோஸ்கெலோசாரஸ் என்று பெயர் வைக்கிறார்.

1850-கள். ஹெர்மன் ஃபான் மேயர். அன்றைய ஜெர்மனியில் தொல்லுயிரியல் என்றால் இவர்தான். அவர் அதே எலும்புகளை உற்றுப் பார்க்கிறார். முனைகளில் அடுத்த எலும்போடு பூட்டிக்கொள்ளும் மூட்டுகள் தெரிகின்றன. "இது கால் இல்லையே, முள்ளெலும்பு ஆயிற்றே" என்கிறார்.

சபாஷ், பாதி சரி. முள்ளெலும்பு சரி. ஆனால் எந்த இடத்து முள்ளெலும்பு? அவர் வால் பக்கம் போய்விட்டார். நீண்ட வால் உள்ள விலங்குகளை எல்லோருக்கும் தெரியும், இவ்வளவு நீளக் கண்ணிகளைக் கொண்ட கழுத்தை யாருமே பார்த்ததில்லை. அவர் வைத்த பெயர்தான் டானிஸ்ட்ரோஃபியஸ். நீண்ட முள்ளெலும்பு உடையது என்ற பொருளில் கிரேக்கத்தில் இருந்து கட்டிய பெயர். வாலா கழுத்தா என்று பெயரில் சொல்லவில்லை, அதனால் பெயர் தப்பித்தது 😄

இப்போது ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போவோம்.

ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில், லுகானோ ஏரிக்கரையில், மாண்டே சான் ஜார்ஜியோ என்று ஒரு மலை. சுமார் 1,100 மீட்டர் உயரம், கூம்பு வடிவம். இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஸ்விஸ் பகுதிக்கு 2003-இல், இத்தாலியப் பகுதிக்கு 2010-இல் அங்கீகாரம் கிடைத்தது.

24 கோடி ஆண்டுகளுக்கு முன் இது மலை இல்லை. ஒதுக்குப்புறமான வெப்பமண்டலக் கடல். மேல்மட்டத் தண்ணீரில் உயிர்கள் கொண்டாட்டம். அடித்தட்டில் ஆக்சிஜனே கிடையாது. செத்து மூழ்கும் எதையும் அரித்துத் தின்ன அங்கே ஆள் இல்லை. அதனால் எலும்புக்கூடுகள் கலையாமல், அப்படியே கரிய சேற்றில் படிந்து, பாறைக்குள் பத்திரமாகிவிட்டன.

அதே ஆக்சிஜன் இல்லாத சேறு இன்னொரு வேலையும் செய்தது. பாறை முழுக்க எண்ணெய்ப் பசை. இந்தக் கரும்பாறையைச் சூடாக்கினால் கருப்பாக, நாற்றமெடுக்கும் ஒரு எண்ணெய் வடியும்.

இங்கேதான் மருத்துவம் வருகிறது. காதுக்குள் கட்டி வந்து, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். கருப்பாக, தார் வாசனையோடு ஒரு மருந்தில் நனைத்த துணித்திரியைக் காதில் வைப்பார்கள். இக்தமால் கிளிசரின். அந்த இக்தமாலின் பூர்வீகம் எது தெரியுமா? ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில், மீன் படிவங்கள் நிறைந்த எண்ணெய்ப் பாறை! பெயரில் உள்ள "இக்த்" என்பது கிரேக்கத்தில் மீன். 1880-களில் உன்னா என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் அதைப் பிரபலமாக்கினார்.

அதைப் பார்த்து மாண்டே சான் ஜார்ஜியோவிலும் சுரங்கம் தோண்டி, பாறையைக் காய்ச்சி, தோல் நோய்களுக்கு ஒரு களிம்புச் சரக்கு தயாரித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் "சாரோல்". மீனுக்கு இக்தியோல் என்றால், ஊர்வனவுக்கு சாரோல்! 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் விற்பனையில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். படை, சொறிக்குப் பூசும் களிம்புக்காகத் தோண்டிய சுரங்கத்தில் இருந்துதான் ட்ரயாசிக் கடலின் அரிய எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. தொழிலாளி கண்ணில் படாமல் எத்தனை எலும்புக்கூடு களிம்பாகிப் போனதோ!

இனி மூன்றாவது கட்டம். 1886. மலையின் இத்தாலியச் சரிவில் பெசானோ என்ற ஊர். அங்கே கிடைத்த ஒரு சின்ன எலும்புக்கூட்டை ஃபிரான்செஸ்கோ பஸ்ஸானி என்ற இத்தாலிய அறிஞர் ஆராய்கிறார். நசுங்கிப் போன படிவம். பல்லில் ஒரு விசேஷம், ஒவ்வொரு பின்பல்லிலும் மூன்று முனைகள். அதனால் "மூன்று முனைப் பல்லன்" என்ற பொருளில் டிரிபெலெசோடான் என்று பெயர். லொம்பார்டி பகுதியில் கிடைத்ததால் கூடவே லாங்கோபார்டிகஸ்.

பக்கத்திலேயே மெலிசான, நீளமான, பொள்ளலான எலும்புகள். பஸ்ஸானி என்ன முடிவுக்கு வந்தார்? சிறகு! டெரோசார், அதாவது பறக்கும் ஊர்வன!

சிரிக்காதீர்கள். அது முட்டாள்தனமான முடிவே இல்லை. டெரோசாரின் சிறகு எதில் கட்டப்பட்டது? நம் மோதிர விரலுக்குச் சமமான நான்காவது விரலில். அந்த ஒரே விரல் நம்ப முடியாத அளவுக்கு நீண்டு, அதில் இருந்துதான் சிறகுச் சவ்வு விரியும். அந்த விரல் எலும்புகளும் மெலிசு, நீளம், பொள்ளல். நசுங்கின படிவத்தில் முள்ளெலும்பின் நுட்பமான அடையாளங்கள் தெரியாது. அப்போ அந்த முடிவு இயல்பானதுதானே?

1920-களின் தொடக்கத்தில் இன்னொருவர் அதை மறுபடி ஆராய்கிறார். பாரன் ஃபிரான்ஸ் நொப்சா. இவரைப் பற்றித் தனியாகவே ஒரு இழை போடலாம். டிரான்சில்வேனியாவில் பிறந்த ஹங்கேரியப் பிரபு. அல்பேனியா மீது தீராக் காதல், 1913-இல் அந்த நாட்டின் அரியணைக்கே ஆசைப்பட்டவர். தீவுகளில் வாழ்ந்த டைனோசர்கள் குள்ளமாகிப் போகும் என்று முதலில் சொன்ன மேதை. பின்னாளில் அது சரி என்றே தெரிந்தது.

அப்பேர்ப்பட்ட நொப்சாவும் டிரிபெலெசோடானை டெரோசாராகவே மறுபடி வரைந்தார். அன்று தெரிந்த டெரோசார்கள் எல்லாம் ஜுராசிக் காலத்தவை அல்லது அதற்கும் பிந்தையவை. இது உண்மையாக இருந்தால் பறக்கும் ஊர்வனவற்றின் கொள்ளுத்தாத்தா! இப்படி ஒன்று கிடைக்காதா என்று எல்லோரும் ஏங்கிக்கொண்டிருந்த கண்டுபிடிப்பு.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஜெர்மனியில் ஒரு "வால்". இத்தாலியில் ஒரு "சிறகு". இரண்டும் ஒரே விலங்கின் ஒரே உறுப்பு. ஆனால் இருவேறு பெயர்கள், இருவேறு அடுக்குகள். ஒன்று ஊர்வனவற்றின் வால் எலும்புப் பெட்டியில். இன்னொன்று பறப்பன பெட்டியில். இரண்டு பெட்டியையும் ஒன்றாகத் திறந்து பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

தேவை 1929-இல் வந்தது.

ஜூரிக் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்ட் பையர், 1924 முதல் மாண்டே சான் ஜார்ஜியோவில் முறையாக அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தார். சுரங்கம் துப்பியதைப் பொறுக்காமல், பாறையை அடுக்கு அடுக்காகப் பிரித்து, எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே போகும் பொறுமையான வேலை.

1929-இல் அவருக்கு ஒரு எலும்புக்கூடு கிடைக்கிறது. எலும்புகள் சிதறாமல், ஒன்றோடு ஒன்று கோத்தபடியே. தலை. தலைக்குப் பின்னால் அந்த நீளக் குழாய் எலும்பு. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று. கடைசியில் தோள்.

அவ்வளவுதான். வாதம், பிரதிவாதம், எதுவும் தேவைப்படவில்லை. தலைக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பதற்குப் பெயர் கழுத்து!

கால் போச்சு. வால் போச்சு. சிறகும் போச்சு. டிரிபெலெசோடானும் டானிஸ்ட்ரோஃபியஸும் ஒன்றே என்று பையர் அறிவித்தார். பெயரிடல் விதிப்படி பேரினத்தின் பழைய பெயரும், இத்தாலியச் சிற்றினப் பெயரும் சேர்ந்து டானிஸ்ட்ரோஃபியஸ் லாங்கோபார்டிகஸ் ஆனது. பஸ்ஸானி ஆராய்ந்த அந்த மூலப்படிவம் பிறகு இரண்டாம் உலகப் போரில், மிலான் அருங்காட்சியகம் குண்டுவீச்சில் எரிந்தபோது அழிந்துபோனது. நல்லவேளை, அதற்குள் பையரின் எலும்புக்கூடுகள் வெளியே வந்திருந்தன.

இப்போது அந்தக் கழுத்தைக் கொஞ்சம் அறுத்துப் பார்ப்போம். உடற்கூறியல் நேரம்.

உங்கள் கழுத்தில் எத்தனை முள்ளெலும்பு? 7. எலிக்கு? 7. ஒட்டகச்சிவிங்கிக்கு? அதுவும் 7 தான்! ஸ்லாத், கடல்பசு போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, பாலூட்டிகளுக்கு 7 என்பது கிட்டத்தட்ட சட்டம். கழுத்து நீளணுமா, எண்ணிக்கையைக் கூட்டாதே, ஒவ்வொன்றையும் இழு. இதுதான் ஒட்டகச்சிவிங்கி வழி.

ஊர்வனவற்றுக்கு அந்தச் சட்டம் இல்லை. டானிஸ்ட்ரோஃபியஸுக்கு 13 கழுத்து முள்ளெலும்புகள். 3 மீட்டர் கழுத்துக்கு 13 என்பது ரொம்பக் குறைவு. அப்படியென்றால் இதுவும் ஒட்டகச்சிவிங்கி வழியைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. நடுக்கழுத்துக் கண்ணிகளை இழு இழு என்று இழுத்துவிட்டது.

இதே ட்ரயாசிக் காலத்தில் சீனாவில் டைனோசெஃபலோசாரஸ் என்று இன்னொரு நீள்கழுத்து விலங்கு வாழ்ந்தது. அதற்கு 32 கழுத்து முள்ளெலும்புகள்! அது எண்ணிக்கையைக் கூட்டிய வழி. முழுக்கக் கடல்வாசி, குட்டி போட்டது என்பதற்கும் படிவ ஆதாரம் இருக்கிறது. வெளியில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. எலும்பை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து கழுத்து விலா எலும்புகள். "டாக்டர், கழுத்தில் ஏது விலா?" என்கிறீர்களா? நமக்கும் கருவில் அதன் மூலம் உண்டு. பிறகு முள்ளெலும்போடு ஒட்டிக் கரைந்துவிடும். சிலருக்கு மட்டும் கரையாமல் நின்று, செர்விகல் ரிப் என்று கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்தி மரத்துப்போக வைக்கும். நமக்கு வியாதியாக வருவது அதற்கு அடிப்படைக் கட்டுமானம்.

டானிஸ்ட்ரோஃபியஸின் கழுத்து விலாக்கள் ஈர்க்குச்சி போல மெலிந்து, கழுத்துக்கு இணையாகப் பின்னோக்கி ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளைக் கடந்து போவதால், ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டாகிவிடும். கை உடைந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அதே தத்துவம். விளைவு: கழுத்து விறைப்பானது. அன்னம் மாதிரி, பாம்பு மாதிரியெல்லாம் வளையாது. பழைய படங்களில் எஸ் வடிவத்தில் வளைத்து வரைந்திருப்பார்கள். அது நடக்காத காரியம். முன்னாடி நீட்டிய தூண்டில் கம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கழுத்து என்று தெரிந்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை. அடுத்த குழப்பம் வகைப்பாட்டில்.

மாண்டே சான் ஜார்ஜியோவில் இரண்டு அளவுகளில் இவை கிடைத்தன. சின்னது சுமார் 4 அடி. பெரியது 20 அடி வரை. சின்னதற்குப் பின்பல்லில் மூன்று முனை. பெரியதற்கு எல்லாப் பல்லும் ஒற்றை முனைக் கூர்ப்பல்.

1973-இல் ரூபர்ட் வில்ட் என்பவர் இவற்றை எல்லாம் அலசி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். அதில் அவர் சொன்ன விளக்கம்: சின்னவை குட்டிகள், பெரியவை வளர்ந்தவை. குட்டியில் கரையில் பூச்சி தின்னும், வளர்ந்த பின் கடலுக்குப் போய் மீன் பிடிக்கும், அதற்கேற்பப் பல் மாறும். நமக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதில்லையா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெரியவற்றின் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்களும், கணவாய் போன்ற உயிர்களின் கொக்கிகளும் கிடைத்ததும் பொருந்தியது.

ஆனால் பொருந்துவதும் நிரூபணமும் ஒன்றில்லையே. சின்னதாக இருப்பதெல்லாம் குட்டியா? நாட்டுக்கோழி பக்கத்தில் காடை நின்றால் அது கோழிக்குஞ்சா?

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. வயது தெரியாத பிள்ளை நீதிமன்றத்துக்கு வந்தால், எங்களிடம் அனுப்புவார்கள். மணிக்கட்டு, முழங்கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முனைகள் ஒட்டிவிட்டனவா என்று பார்ப்போம். உயரம் ஏமாற்றும், எலும்பு ஏமாற்றாது. 24 கோடி வருடம் பழைய எலும்புக்கும் அதே மாதிரி ஒரு பரிசோதனை இருக்கிறது. மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தில் ஆண்டு வளையம் மாதிரி வளர்ச்சிக் கோடுகள் தெரியும்.

2020-இல் ஸ்டீஃபன் ஸ்பீக்மன் என்ற ஆய்வாளரும் ஜூரிக்கின் டார்ஸ்டன் ஷையர் உள்ளிட்ட குழுவினரும் அதைச் செய்தார்கள். 4 அடிச் "குட்டி"களின் எலும்பை வெட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே வளையத்துக்கு மேல் வளையம். வளர்ச்சி மெதுவாகி, ஓய்ந்துகொண்டிருந்த எலும்பு. குட்டியே இல்லை. முழுசாக வளர்ந்த, வயசான ஆட்கள்!

ஆக, 4 அடி ஒரு சிற்றினம். 20 அடி இன்னொரு சிற்றினம். 47 வருடமாக ஒரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்தது, பக்கத்து வீட்டுப் பெரியவர். சின்னதற்கு லாங்கோபார்டிகஸ் என்ற பழைய பெயர் தொடர்ந்தது. பெரியதற்கு ஹைட்ராய்டஸ் என்று புதுப்பெயர். கிரேக்கப் புராணத்தில் பல நீளக் கழுத்துகள் கொண்ட ஹைட்ரா என்ற நீர்ப்பூதத்தின் நினைவாக. இந்தப் பெயரை மறக்காதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஜெர்மனியில் மேயர் பெயரிட்ட அந்த முதல் எலும்புகள்? அவை தனி முள்ளெலும்புகள் மட்டுமே. எந்தச் சிற்றினம் என்று பிரிக்கும் அளவுக்கு அதில் தகவல் இல்லை என்று ஐயத்துக்குரிய பெயராக ஒதுக்கிவிட்டார்கள்.

அதே 2020 ஆய்வில் இன்னொரு அழகான வேலையும் நடந்தது. பெரியதன் மண்டையோடு பாறை அழுத்தத்தில் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. கையால் பிரித்தால் பொடியாகிவிடும். அதனால் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியில் கிடைக்கும் சக்திவாய்ந்த எக்ஸ்கதிரால் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் கணினியில் தனித்தனியாகப் பிரித்து, விபத்தில் முகம் நொறுங்கியவருக்கு முப்பரிமாணத்தில் முகத்தைக் கோப்பது போலக் கோத்தார்கள்.

கோத்து முடித்தபோது இன்னொரு பழைய வழக்குக்கும் தீர்ப்பு கிடைத்தது. இது கரையில் வாழ்ந்ததா, தண்ணீரிலா என்று பல காலமாகச் சண்டை. மண்டையோட்டில் மூக்குத்துளைகள் மூஞ்சியின் மேல்பக்கம் இருந்தன, முதலைக்கு இருப்பது போல. முன்பற்கள் நீண்டு வளைந்து, மேலும் கீழும் கோத்துக்கொள்ளும் கூண்டு. வழுக்கும் மீனைப் பிடிக்கும் வாய் அது. தண்ணீர்தான்!

ஆனால் கைகால்கள் துடுப்பாக மாறவில்லை. துரத்திப் பிடிக்கும் நீச்சல்காரன் இல்லை. கலங்கலான ஆழமற்ற நீரில் பதுங்கி, பெரிய உடம்பைத் தூரத்தில் வைத்துவிட்டு, சின்னத் தலையை மட்டும் இரை அருகே கொண்டுபோய், லபக்! எப்படி நீந்தியது என்ற விவாதம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு சிற்றினமும் ஒரே கடலில் எப்படிச் சண்டையில்லாமல் வாழ்ந்தன? நம்மூர்க் கண்மாய்க்குப் போங்கள். நாரையும் இருக்கும், மீன்கொத்தியும் இருக்கும். அளவு வேறு, அலகு வேறு, இரை வேறு. அதே கதைதான். பெரியது மீனும் கணவாயும். மூன்று முனைப் பல் கொண்ட சின்னது இறால் மாதிரி சிறு உயிர்கள்.

விலங்குக் குடும்ப மரத்தில் இது எங்கே? முதலை, டைனோசர், பறவை எல்லாம் வந்த பெருங்கிளையின் அடிப்பக்கத்தில் பிரிந்த ஒரு பக்கக் கிளை. முன்பு நீளக் கழுத்துள்ள பழைய ஊர்வன எல்லாவற்றையும் புரோட்டோரோசார் என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் கூடை பிரிந்துவிட்டது. நீளக் கழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே நோய் என்று எழுதினால் எப்படியோ, அப்படித்தான் அந்தக் கூடையும்.

இப்போது கடைசிக் கட்டம். இது தடயவியல்.

இவ்வளவு நீளமான, மெலிசான, விறைத்த கழுத்து. எதிரி கண்ணில் பட்டால் என்ன ஆகும்? "ஒரே கடியில் முடிந்துவிடும்" என்று 19-ஆம் நூற்றாண்டில் இருந்தே நீள்கழுத்துக் கடல் ஊர்வன பற்றி ஊகம் இருந்தது. ஓவியர்கள் வரைந்தும் வைத்தார்கள். ஆதாரம் மட்டும் இல்லை.

ஜூரிக் அருங்காட்சியகத்தில் இரண்டு படிவங்கள் பல ஆண்டுகளாகவே இருந்தன. ஒன்று சின்னச் சிற்றினம், ஒன்று பெரியது. இரண்டிலும் தலையும் கழுத்தும் மட்டும். உடம்பு இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "முழுசா கிடைக்கல" என்று கடந்து போனார்கள்.

2023-இல் ஸ்பீக்மனும், ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் அவருடன் பணிபுரிந்த எய்டால்ட் முகாலும் வேறு கேள்வி கேட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லையா, அல்லது அங்கே வந்து சேரவே இல்லையா?

பிரேதப் பரிசோதனையில் எலும்பு முறிவைப் பார்த்தால் நாங்கள் முதலில் கேட்பது: இது உயிர் இருக்கும்போது அல்லது இறந்த உடனே நடந்ததா, இல்லை பல காலம் கழித்து நடந்ததா? ஈரமுள்ள புது எலும்பு உடையும் விதம் வேறு. காய்ந்த எலும்பு நொறுங்கும் விதம் வேறு. பச்சைக் கிளையை ஒடிப்பதற்கும் காய்ந்த சுள்ளியை ஒடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு படிவத்திலும் கழுத்து முடியும் இடத்தில் முள்ளெலும்பு உடைந்திருந்தது. புது எலும்பு உடைந்த விதத்தில்! பெரியதில் உடைந்த இடத்தருகே பல் பதிந்த குழிகளும் இருந்தன. அவை இருந்த இடத்தை வைத்து, தாக்குதல் மேலிருந்து வந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

அதுமட்டுமல்ல. உடைந்த இடம் வரை தலையும் கழுத்தும் துளிகூடக் கலையாமல் கோத்தபடி இருந்தன. கடலடியில் போய்ச் சேரும்போது அதன் மேல் தோலும் சதையும் இருந்திருக்க வேண்டும். அழுகி உதிர்ந்த கழுத்து இல்லை. வெட்டுண்ட கழுத்து.

கொன்றது யார்? அதே கடலில் பெரிய நோதோசார்கள் இருந்தன, பெரும் இக்தியோசார்கள் இருந்தன. சந்தேகப் பட்டியல் உண்டு, குற்றவாளி பெயர் இல்லை. கொன்றவருக்குச் சதைப்பிடிப்பான உடம்பு போதும். எலும்பும் தோலுமான கழுத்தையும் சின்னத் தலையையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். கிடா வெட்டும் வீட்டில் எது முதலில் காலியாகும், எது மிஞ்சும் என்று நமக்குத் தெரியாதா!

இப்போது ஹைட்ராவை நினைவுபடுத்துங்கள். அந்தப் புராணத்தில் ஹைட்ராவை ஹெர்குலிஸ் எப்படிக் கொன்றார்? கழுத்துகளை வெட்டி. 2020-இல் பெயர் வைக்கும்போது, மூன்று வருடம் கழித்துக் கிடைக்கப் போகும் மரணக் காரணம் அந்தப் பெயரிலேயே ஒளிந்திருந்தது.

"இவ்வளவு ஆபத்தான கழுத்தை இயற்கை ஏன் வைத்துக்கொண்டது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில்: டானிஸ்ட்ரோஃபியஸ் குறைந்தது 1 கோடி ஆண்டுகள் உலகில் இருந்தது. ஐரோப்பாவில் இருந்து சீனா வரை பரவியிருந்தது. நம் ஹோமோ சேப்பியன்ஸ் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். பரிணாமம் பழுதில்லாத உடம்பைத் தேடுவதில்லை. சாவதற்குள் குட்டிகளை விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு ஓடினால் போதும். அந்தக் கழுத்து மீனைப் பிடித்துத் தந்த நாட்கள், அதை வெட்டுக்குக் கொடுத்த நாட்களைவிட மிக அதிகம். அவ்வளவுதான் கணக்கு.

நம் உடம்பும் அப்படித்தான். நிமிர்ந்து நடந்ததற்கு விலையாக இடுப்பு வலி. பேசும் தொண்டைக்கு விலையாகப் புரையேறும் ஆபத்து. ஒவ்வொரு உறுப்பும் ஒரு பேரம்.

முடிக்கும் முன் ஒன்று.

இந்தக் கதையில் யாரும் முட்டாள் இல்லை. மியூன்ஸ்டரிடம் இருந்தது சிதறிய எலும்பு. மேயர் மூட்டைப் பார்த்துப் பாதி தூரம் வந்தார். பஸ்ஸானியிடம் இருந்தது நசுங்கிய படிவம். பையருக்கு எலும்புகள் கோத்தபடி கிடைத்தன. வில்ட் எல்லாவற்றையும் அளந்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் கேள்வியே கேட்க முடிந்தது.

இதில் என்னை நெகிழ வைப்பது நொப்சாதான். கழுத்தைச் சிறகாக வரைந்த அதே மனிதர், தன் கடைசிக் காலத்தில் டைனோசர் விலா எலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, "இது இளசா, முதிர்ந்ததா" என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1933-இல் வியன்னாவில் தன் துணைவரைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் வளர்த்த அந்த முறைதான் 87 ஆண்டுகள் கழித்து, டானிஸ்ட்ரோஃபியஸின் "குட்டி"கள் குட்டிகள் அல்ல என்று காட்டியது.

அந்தத் தலையும் கழுத்தும் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் எல்லோர் கண்முன்னும் இருந்தன. எலும்பு மாறவில்லை. "மீதி எங்கே?" என்று ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டில் டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். முதலில் அந்த எலும்புக் கேள்வியைக் கேளுங்கள். கால் என்பார்களா, வால் என்பார்களா, பார்ப்போம்!